இருந்த பிறகும் ஏறுவது

படங்கள் கண்டியிலிருந்து வட்டில் வரும்.
இரவு பஸ் கண்டக்டரின் கையில்,
பழைய எக்ஸ்ரே உறையில் சுற்றி.
ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிற்பார்கள்,
சில நாள் உறையில் சீனி ஒட்டியிருக்கும்.

நூல் தடிப்புக் குழாயொன்றை
இதயத்தின் நாடிக்குள் விட்டு
நுனியிலிருந்து ஒலி அனுப்பி
திரும்பி வந்ததை வைத்து வரைந்த படங்கள்.
சாம்பல் வளையங்கள்,
அறுத்த மரத்தில் தெரிவது போல.
உள்வளையத்தின் தடிப்பை அளப்பது என் வேலை.
அரை மில்லிமீற்றர் வரை நீலப் பேனை.
அதற்கு மேல் சிவப்பு.

என் கணவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம்.
படகின் அடியிலிருந்து அவரும் ஒலிதான் இறக்குகிறார்,
சேறு எவ்வளவு ஏறியிருக்கிறதென்று பார்க்க.
இரவில் ஒரே மேசை, ஆளுக்கொரு தாள்.
"உன்ர வாய்க்கால் தூர்ந்து போச்சோ?" என்பார்.
கேட்பது பகிடிக்கு.

முடியுரு நாடி என்று பெயரிட்டவனுக்குக்
கிரீடம் ஞாபகம் வந்திருக்கிறது.
எனக்குக் கந்தளாய் வாய்க்கால்தான்.
இங்கே வழமையாக வரும் நெஞ்சுக்குத்து
ஓரிடத்தில் கல் விழுந்த வாய்க்கால்:
வலை இழுக்கையில் இடக்கை விறைக்கும், வேர்க்கும்,
வாய்வென்று சோடா குடித்துப் பார்த்து
பிறகுதான் ஓட்டோ பிடிப்பார்கள்.
மாற்றி வைத்த இதயத்தில்
கல் ஒன்றும் விழுவதில்லை.
அடி முதல் நுனி வரை கரையே உள்ளே வளரும்,
சுற்றி வெட்டிப்போக இடம் விடாமல்.
குத்தும் இல்லை.
முறையிடப் போகும் நரம்பை
மாற்றும்போதே அறுத்தாயிற்று.

பதினேழாம் இலக்கம்.
பெயர் வேறு அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது.
கிண்ணியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்:
கல்பு மாத்தின உதுமாலெப்பை.
தரைக்கு மாபிள் பதிக்கிறவர். நாற்பத்து நாலு வயது.
பாலம் கடந்து பஸ்ஸில் வந்து
உவர்மலை ஏற்றத்தை நடந்தே ஏறுகிறார்.
போன கிழமையும் அப்படித்தான்.
கதிரையில் இருந்தார், நெஞ்சைத் தொட்டார்.
"டொக்டர், நான் இருந்திட்டன்.
இது இன்னும் ஏறிக்கொண்டு இருக்கு."

விளக்கினேன். நேர்க்கம்பி இல்லை,
செய்தி இரத்தத்தில் கரைந்துதான் வரவேணும்,
ஏறு என்பதும் பிந்தும், நில் என்பதும் பிந்தும்.
"அப்ப போன் இல்லாத வீடு," என்றார்.
"கடதாசிதான் போடவேணும்."

நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினாறு.
யன்னலுக்கு வெளியே மானொன்று
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை
மென்றுகொண்டு நின்றது.
நூற்று ஒன்பது.
அது மலையேறி முடிக்கும் வரை
நாங்கள் இருவரும் கீழே இருந்தோம்.

யாருடையதென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.
எனக்குத் தெரிந்ததும் மூன்றே சொல்:
ஆண், இருபத்திரண்டு, வீதிவிபத்து.

இந்த வருட வட்டு மேசையில் கிடந்தது.
பார்த்துவிட்டேன் என்பதை
என் முகம் சொல்லியிருக்கவேணும்.
"நோவொண்டும் இல்லை டொக்டர்," என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வது போல.
"நோகாது," என்றேன்.
அதற்குமேல் சொல்ல வேண்டியதைச்
சொல்லத் தொடங்க நேரம் எடுத்தது.
மருந்து மாற்றலாம். மெதுவாக்கலாம்.
நிறுத்தலாம் என்று சொல்ல
அட்டவணையில் இன்னும் ஆட்கள் போதாது.
கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.
எங்கள் தரையில் வெடித்திருந்த மாபிளைக் காட்டி
அடுத்தமுறை சாமானோடு வருவதாகச் சொன்னார்.

சிவப்புப் பேனையால்
தசம் ஏழு ஒன்று.
குறிப்பு என்ற கட்டம் எப்போதும் வெறுமை.
அதில் எழுதினேன்: நடந்து வந்தார்.
ஆய்வுக்கு அது தேவையில்லை.