ஒன்பதாம் மாடிக்கு இருபது டெட்ரி

எங்கள் கட்டடத்தின் மின்தூக்கி காசு கேட்கும்.
மேலே போக இருபது டெட்ரி.
இறங்குவது இலவசம்.
திபிலீசியின் இந்த ஓரத்தில் வளர்ந்தவர்களுக்கு
இதற்கு மேல் பொருளாதாரம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடிதம் வந்து பதினொரு நாள்.
நெதர்லாந்து. முதுகலை. இரண்டு ஆண்டு.
பாதிக் கட்டணம் அவர்கள் பாடு, மீதி என் பாடு.
வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள்
ஆயிரத்து அறுநூறு யூரோ முன்பணம்.
நள்ளிரவு என்றால் அவர்களுடைய நள்ளிரவு,
எனக்கு இரண்டு மணி நேரம் கூடுதல்.
இதுவரை தந்ததில் உருப்படியான உதவித்தொகை அதுதான்.

நான் படிக்கப் போவது மலைச்சரிவு.
வரைபடத்தில் அந்த ஊரைத் தேடினேன்.
படுத்திருக்கும் பசுவின் உயரத்துக்குக்கூட
சுற்றிலும் ஒரு மேடு இல்லை.
அலுவலகத்தில் நுக்சார் வாய்விட்டுச் சிரித்தார்:
"நீச்சல் பழகப் பாலைவனத்துக்கா, கதூனா?"
சிரித்து முடித்து, நான் கேட்கும் முன்பே
சம்பளமில்லா விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பத்து வருடமாக அட்ஜாராவின் சரிவுகளில்
மரக்கட்டை அடித்து, கயிறு கட்டி அளக்கிறேன்.
ஒரு மார்ச் மாதம்
கட்டையும் கயிறும் ஒரு வாதுமைத் தோட்டமும்
சேர்ந்தே போயின.
விண்ணப்பத்தில் இதை எழுதவில்லை.
'தரவுப் பற்றாக்குறை' என்று எழுதினேன்.

முப்பத்தாறு வயது.
மின்கட்டண ரசீதின் பின்புறம் கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் போக, வலப்பக்கம் இருக்க.
இடப்பக்கம்: செயற்கைக்கோள் படங்கள், ரேடார், சம்பளம்.
வலப்பக்கம்: வாக்தங்.
அப்புறம் ஒன்றும் தோன்றவில்லை.
வெட்கமாகிப் போய்
'பல் சிகிச்சை பாதியில்' என்று சேர்த்தேன்.

வாக்தங் சொன்னான், போ.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, தலை நிமிராமல்.
வேன் கடனை நான் கட்டிக்கொள்கிறேன், போ.
அம்மா தொலைபேசியில், போ.
தம்பி, போயேன், வந்து தங்க எங்களுக்கும் ஓர் இடமாச்சு.
எல்லாரும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்,
குளிர் உள்ளே வருகிறது.
போகாதே என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால்
சண்டை போட்டுக்கொண்டாவது போயிருப்பேன்.

புதன் மாலை
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மின்தூக்கி நின்றது.
உள்ளே நானும் ஆறாம் மாடிக்காரரும்.
பெயர் தெரியாது. கையில் ஒரு தர்பூசணி.
இருட்டில் அவர் கேட்டார்:
"நீங்கள்தானே மண் சரிவதைப் பார்க்கிறவர்?
எங்கள் சுவரில் ஒரு விரிசல்."

வெளியே எடுத்துவிட்ட பின் போய்ப் பார்த்தேன்.
சமையலறை மூலையிலிருந்து ஜன்னல் வரை,
சுண்டுவிரல் நகம் நுழையும்.
நின்றுபோன விரிசலா, நகர்கிற விரிசலா,
கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.
அதற்கு ரேடாரும் வேண்டாம்.
குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு,
இரு முனையிலும் சாந்து, பக்கத்தில் தேதி.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

அவர் மனைவி ஒரு புகைப்படச் சட்டத்தைப் பிரித்துக்
கண்ணாடியைத் தந்தாள்.
படத்தில் இருந்தது யாரென்று நான் கேட்கவில்லை.

"எத்தனை நாள் பார்க்க வேண்டும்?"
"ஒரு கோடை, ஒரு குளிர்காலம். முடிந்தால் இரண்டு."
"நீங்களே வந்து பார்ப்பீர்களா?"
"மாதம் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.
அங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்."

எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை.
நான்தான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.
விரல்களில் சாந்து காய்ந்து இழுத்தது.

தர்பூசணியில் பாதியைக் கட்டித் தந்தார்கள்.
மின்தூக்கி சரியாகிவிட்டிருந்தது.
என்னிடம் இருந்தது ஐம்பது டெட்ரி, அது சில்லறை தராது.
மூன்று மாடிதானே, நடந்தேன்.

வாக்தங் கதவைத் திறந்து பழத்தை வாங்கினான்.
என் முகத்தைப் பார்த்தான்.
கத்தி எடுக்க உள்ளே போனவன்
வெகுநேரம் வரவில்லை.