பின்சீட்

எல்லாரும் சொன்னார்கள், உன்னால் முடியும் என்று.
பெரட்டுக்களத்தில் சொன்னார்கள்.
கொழுந்து நிறுக்கையில்
தராசு முள் நிற்பதற்குள் சொன்னார்கள்.
பெண்கள் தினத்தில் சங்கத்து ஆள்
ஒலிபெருக்கி வைத்தே சொன்னார்,
என் பெயரைத் தப்பாக.
சிரித்துச் சிரித்து வாங்கி அடுக்கினேன்,
கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் மாதிரி.
பேர் வெட்டிய பாத்திரம்.
ஒன்றிலும் சோறு வடித்ததில்லை.

யோகநாதன் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்.
கோயில் ஏற்றத்தில் நான் ஆட்டோ பழகும் சாயங்காலங்களில்
கையில் ஒரு கருங்கல்லோடு பின்னாலேயே ஓடிவருவார்.
கிளட்ச் விடும்போது வண்டி ஒரு முழம் பின்னால் போகும்,
டக்கென்று சக்கரத்தடியில் கல் விழும்.
மழையிலும் வந்தார்.
அட்டை கடித்து ரத்தம் வடிந்த காலோடும் வந்தார்.
ஒரு மனிதன் இதற்குமேல் என்ன செய்ய?
ஆனாலும் என் காது
கல் விழும் சத்தத்துக்கே காத்திருந்தது.
இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

லைசன் வந்து ஒன்பது நாள்
படங்கு போர்த்தி லயத்து வாசலில் கிடந்தது வண்டி.
பத்தாம் நாள், பீலிக்கரையில் பனி கலையுமுன்
ரெஜினா வந்தாள்.
இடுப்பில் பிள்ளை, கையில் கிளினிக் கொப்பி.
படங்கை அவளே இழுத்துப் போட்டாள்.
பின்சீட்டில் ஏறினாள்.
"பொகவந்தலாவைக்கு விடு. ஊசிக்கு நேரமாச்சு."

அவர் வேலைக்குப் போயிருந்தார்.
கல் வாசலில் கிடந்தது.

மூன்றாம் முடக்கில், பள்ளம் தெரிகிற இடத்தில்
கண்ணாடியில் பார்த்தேன்:
கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.
ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கம்பி,
உதட்டில் அந்தோனியாரே, அந்தோனியாரே.
மெதுவா போ என்று மட்டும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டா
படங்கை இழுத்தாய், அடிப் பாவி.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி
சேலையை உதறி, எவ்வளவு என்றாள்.
வாயில் வந்ததைச் சொன்னேன்: ஐந்நூறு.
"ஐந்நூறா? அநியாயம்டி!
மூர்த்தி அண்ணன் நானூறுக்கு வாராரு!"
"அப்ப அவருகிட்டயே போ!"
பிள்ளை விழித்து அழுதது.
பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.
நாங்கள் விடவில்லை.

நானூற்றைம்பதில் முடிந்தது.
மிச்ச ஐம்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மடியில் முடிந்தாள்.
நாலு எட்டு நடந்து, திரும்பாமலே சொன்னாள்:
"அடுத்த மாசமும் ஊசி இருக்கு.
சீட்டெல்லாம் ஒரே மண்ணு.
கழுவி வை."