அகலக்கால்

அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில்
ஒரு கோடு
வலப்பக்கம் போகப் போக நிமிர்கிறது.
அதை நேரில் பார்க்கத்தான் வந்தேன்,
மரிபோரிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு,
லிஃப்ட் விற்க முடியுமா என்று.

கோடு இங்கே தைலமரக் கழியாக நிற்கிறது.
கழிமேல் கழி கட்டிய சாரம்,
அதற்குள் ஒன்பது மாடி, பதினொன்று, பதினாறு.
ஒவ்வொன்றின் நடுவிலும்
எங்களுக்கென்றே விட்டுவைத்ததுபோல்
ஒரு சதுரக் கிணறு.
எட்டிப் பார்த்தால்
மழைத்தண்ணீரும் ஒற்றைச் செருப்பும்.

முகவர் பிஸ்ரத் கையை வீசிக் காட்டுகிறார்:
"இந்தப் பக்கம் நாற்பது கட்டடம், அந்தப் பக்கம் அறுபது.
சீனாக்காரர் விலை சொல்லிவிட்டார்.
துருக்கிக்காரர் விருந்தே வைத்துவிட்டார்.
நீங்கள் இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்."

இரவில் அக்கா மெத்காவின் அழைப்பு.
கம்பெனியில் பாதி அவளுடையது,
கணக்கு முழுவதும் அவளுடையது.
"பிர்ராக வரும் பணம் யூரோவாக எப்போது வெளியே வரும்?"
வங்கியில் வரிசை இருக்கிறது.
"எவ்வளவு நீளம்?"
நிற்பவர்களுக்கே தெரியவில்லை.
"மின்சாரம்?"
அதற்குச் சற்று முன்தான் விளக்கு அணைந்திருந்தது.
அவளிடம் சொல்லவில்லை.
இருட்டில் உட்கார்ந்து
தெளிவான குரலில் பேசினேன்.

நான்காம் நாள் பார்த்த கட்டடத்தில்
குடியேறியே விட்டார்கள்.
லிஃப்ட் வரவில்லை, பால்கனிகளில் துணி காய்கிறது.
மலைமேல் ஊர், மெல்லிய காற்று.
மூன்றாம் மாடியிலேயே
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
முதுகில் மஞ்சள் கேனோடு
என்னைத் தாண்டி ஏறினாள் ஒரு பெண்.
வெறுங்கையோடு தாண்டி இறங்கினாள்.
மூன்றாவது முறை நின்றாள்,
பரிதாபப்பட்டுத்தான்.

யெஷிமெபெத்.
தண்ணீர், காஸ் சிலிண்டர், ஒருமுறை சோபா,
ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளைபெற்றவள்.
மாடிக்கு இவ்வளவு என்று கூலி.
ஐந்துக்கு மேல் இரட்டிப்பு.
"ஏன் ஐந்து?"
பிஸ்ரத் மொழிபெயர்க்கும் முன்பே
ஏறி இறங்கும் என் நெஞ்சைக் காட்டிச் சிரித்தாள்.

எந்த அறிக்கையிலும் இல்லாத விலைப்பட்டியல்:
உயரத்துக்கு இந்த ஊர் என்ன கொடுக்கும்,
எந்த மாடியில் முணுமுணுக்கும்,
எந்த மாடியில் பேரம் பேசாமல் எடுத்து நீட்டும்.
ஹோட்டல் ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டேன்,
அவள் சொல்லச் சொல்ல.
எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது,
யார் பிழைப்பை யாரிடமே கேட்டு
எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று.

நான் யாரென்று பிஸ்ரத் சொன்னார்.
அவள் முகம் மாறவில்லை.
"நின்றுபோனால் யார் வருவார்கள்?"
மரிபோரிலிருந்து ஆள்.
"எத்தனை நாளில்?"
விசா, விமானம், உதிரிபாகம், சுங்கம்...
நான் கூட்டி முடிப்பதற்குள்
கேனை முதுகில் ஏற்றிவிட்டாள்.
"அப்படியென்றால் போடுங்கள்.
எனக்கு வேலை இருக்கும்."

விமானத்தில் என் அறிக்கை.
அகலக்கால் வைக்காதே என்பாள் மெத்கா.
மடக்கியே வைத்த காலும் மரத்துப்போகும்
என்று எழுதினேன், அடித்தேன்.
முதலாண்டில் நூறு லிஃப்ட்
என்ற வரியையும் அடித்தேன்.
ஆறு மெக்கானிக்குகள், அந்த ஊர்க்காரர்கள்,
முதல் பெட்டி துறைமுகத்தில் இறங்கும் முன்பே
சம்பளத்தோடு பயிற்சி.
வருமானம் என்ற கட்டத்தில் இதற்கு என்ன போடுவது?
அதைத்தான் அவள் முதலில் பார்ப்பாள்.
காலியாக விட்டேன்.

திங்கட்கிழமை காலை
ரசீது சட்டைப்பையில் இருந்தது.
எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடி.
வாசலிலேயே லிஃப்ட், நாங்களே செய்தது,
தொட்டால் திறக்கும்.
படியில் ஏறினேன்,
ஒவ்வொரு மாடிக்கும் கூலி போட்டபடி.