கலர் தப்பு

எதையாவது வரைவோம் என்றுதான் உட்கார்ந்தேன்.
மகள் விட்டுப்போன ஆயில் பேஸ்டல் பெட்டியில்
வெள்ளை முழுசாக இருந்தது.
மஞ்சள் நகத்தளவு.
பச்சைக்கு மேல்தாள்கூடக் கிழியவில்லை.
சத்துவாச்சாரி மாடியில் நாலு மணி,
தரை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

கை ஒரு சைக்கிளை வரைந்தது.
முன்சக்கரம் முட்டையாகிவிட்டது.
கேரியர் கிளிப்பில் நைனாவின் சோற்று டப்பா.
உடம்புக்குப் பச்சை:
குடியாத்தத்தில் கௌண்டன்யா ஆறு பெருகிய வருஷம்
நைனா தோளில் தூக்கிக்கொண்டு கடந்த
அதே பச்சை.
போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

குணசீலன் ஓசூரிலிருந்து உடனே போட்டான்:
'சூப்பர்க்கா. ஆனா கலர் தப்பு.
நம்ம வண்டி செவப்பு.'

பச்சைடா.
'செவப்புக்கா. கண்ணுலயே கீது.'

நான் உட்கார்ந்த பார் பச்சை,
அவன் உட்கார்ந்த பார் சிவப்பு.
இடையில் ஆறு வயசு.
நைனா இல்லை.
அம்மாவுக்கு போன் போட்டால்
'ஓடிச்சா இல்லியா? அத்த வுடு' என்கிறாள்.

அரிசி களையும்போதுதான் வந்தது,
நிறமாக இல்லை,
டர்பன்டைன் வாசனையாக.

ராத்திரி. கரண்ட் இல்லை.
சிம்னி விளக்கைப் பிடித்திருக்கிறேன், எட்டு வயசு.
தம்பி ஏணையில் தூங்குகிறான்.
பள்ளிக்கூட கேட்டுக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்சைடு,
டப்பாவின் அடியில் நாலு விரல்.
நைனா பிரஷ்ஷை ஒரு பூனையைத் தடவுவதுபோல் இழுக்கிறார்.
விடிந்தால் தண்டல் ஜெயவேலு வருவார்,
இருபது நாள் பாக்கிக்கு
பச்சை வண்டியைத் தூக்கிப்போக.

'வித்துட்டோம்னு சொல்லு.
இது மாமா வண்டி. இன்னா?'

சொன்னேன்.
நைனா உள்ளே இருந்தார். சொன்னது நான்.

ஜெயவேலு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.
பாரைத் தொட்டார்.
பெல்லை ஒருமுறை அடித்தார்,
எங்கள் தெருவே எழுந்துகொள்ளும் அந்த ஓட்டை பெல்லை
மாற்ற மறந்துபோயிருந்தோம்.
விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
'மாமா வண்டி நல்லா கீது' என்றார்.
'காயட்டும்.'
எங்கள் சுவரில் விரலைத் துடைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வந்தாரா, பாக்கி எப்படித் தீர்ந்தது,
எதுவும் நினைவில்லை.
சுவரில் அந்த ஒற்றைக் கோடு மட்டும்
இரண்டு பொங்கல் வெள்ளையடிப்புக்கும் மேலே
கசிந்து வந்தது.

படத்தைத் திரும்ப எடுத்தேன்.
பச்சை மேலேயே சிவப்பை அழுத்தித் தேய்த்தேன்,
உடைந்த துண்டு தீரும்வரை.
பிறகு ஊக்கை எடுத்து
நைனாவின் முழங்கால் உரசும் இடத்தில் மட்டும்
லேசாகச் சுரண்டினேன்.
பச்சை எட்டிப் பார்த்தது.

தம்பிக்கு இன்னும் அனுப்பவில்லை.
ஆள்காட்டி விரல் முழுக்கச் சிவப்பு.
எங்கே துடைப்பது என்று
வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.