வருகைப் பதிவேடு

தை பதினெட்டு. காத்தாடி நிற்கிறது.
பழவூர்ப் பொட்டலில் இருபத்தாறும் நிற்கிறது.
ஆனி ஆடியில் ஆளைத் தூக்குகிற கணவாய்க் காத்து
இப்போ எந்த மடியில் படுத்துக் கிடக்கோ.
ஏழாம் நம்பர் உச்சியில் ஒரு வல்லூறு
வாடகை கொடுத்தவன்போல உட்கார்ந்திருக்கிறது.

ஐப்பசியில் வந்தார்கள், பெரிய கார் இரண்டில்.
நாற்பது குழி தோண்டினது நானும் லெவிஞ்சிபுரம் தாவீதும்.
நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி.
பூவாளியை நாலு கை சேர்ந்து பிடிக்கப்
படம் எடுத்தார்கள்.
பூவாளியில் தண்ணீர் இல்லை.
சாயங்காலம் அதுவும் காரில் ஏறிப் போய்விட்டது.

கார்த்திகையில் இரண்டு மழை. அதோடு சரி.

சித்திரை என்றால் செடி வாய்விட்டுச் சொல்லிவிடும்.
இலை தொங்கும், நமக்கும் நாக்கு ஒட்டும்.
இந்தக் குளிர் ஒன்றையும் சொல்லவிடாது.
விடியலில் இலையெல்லாம் பனியில் மினுங்கும்,
மேல்மண் கறுத்து ஈரம்போல் கிடக்கும்.
விரலை விட்டேன்.
இரண்டாம் கணுவுக்குக் கீழே
மாவு.
சலித்து வைத்த செம்மண் மாவு.

எனக்கே தாகம் எடுப்பதில்லை.
ராத்திரி நிறைத்து வைத்த செம்பு
காலையில் நிறைந்தே இருக்கிறது.
சிரித்தபோது உதடு வெடித்தது,
அப்போதுதான் தெரிந்தது.

டிவிஎஸ்ஸில் இரண்டு கேன், பஞ்சாயத்துக் குழாயிலிருந்து.
செடிக்கு நாலு லிட்டர். நாளைக்குப் பத்துச் செடி.
வேகமாய் ஊற்றினால் மண் வாங்காது,
துட்டை மறுக்கிற சம்பந்திபோலத் தள்ளிவிடும்.
கொஞ்சம் ஊற்றி, நின்று,
அது யோசித்து முடித்ததும் மறுபடி கொஞ்சம்.
பெட்ரோல் என் காசு. யாரும் சொல்லவில்லை, ஊற்றென்று.
ஊற்றாதே என்றும்.

கம்பெனி நோட்டில் கட்டங்கள் உண்டு:
தேதி, நேரம், வண்டி எண், வந்தவர், காரியம்.
காத்தில்லாத மாதம் எவன் வருவான்?
வெறும் கட்டம் இன்ஜினியருக்கு ஆகாது.
ஆகவே எழுதினேன்:
டிஎன் 72, டிவிஎஸ். காரியம்: ஒன்று முதல் பத்து.
மறுநாள்: பதினொன்று முதல் இருபது.
"என்ன சிவா, விசேஷமா?" என்கிறார் போனில்.
சிவனணைஞ்சான் என்ற முழுப்பேர்
அவர் வாய்க்கு இன்னும் அடங்கவில்லை.
"ஒண்ணுமில்ல சார், காத்து இல்ல."

இருபத்துமூன்றாம் செம்பருத்தி
குச்சியாகி நிற்கிறது.
நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை.
நாலு நாள் கழித்து வேறிடத்தில் கீறினேன். பச்சை.
அப்புறம் கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே.
ஒருநாள் பார்த்தால் கீற இடமில்லை,
உடம்பெல்லாம் என் நகம்.

இப்போது கீறுவதில்லை.
உயிரோ, இல்லையோ,
அதன் நாலு லிட்டரை ஊற்றிவிட்டு
இருபத்துநாலுக்கு நகர்கிறேன்.
நோட்டில் மட்டும் அதற்குத் தனி வரி:
வந்தவர், தண்ணீர். காரியம், இருபத்துமூன்றைப் பார்க்க.

பார்த்தாயிற்றா என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.