அரைக்காசுக் கணக்கு

குடியாத்தம் பரஸ்பர சகாய நிதி
கடையைக் கட்டிய வருஷம்
கணக்கு முடிக்க வேலூரிலிருந்து என்னை அனுப்பினார்கள்,
ஒரு கால்குலேட்டரும் தயிர்சாதமுமாக.

பேரேடு ஒத்துப்போனது. அடகு நகை ஒத்துப்போனது.
கடைசி ஏட்டின் கடைசி வரி மட்டும்
யார் பேரிலும் இல்லை:
அரைக்காசுக் கணக்கு, இருப்பு
எழுபத்திரண்டு ரூபாய் பத்து காசு.

யாருடையது என்றேன்.
காசாளர் வேதபுரி ஸ்டூல் போட்டு ஏறி
அலமாரி உச்சியிலிருந்து ஒரு கட்டை இறக்கித்
தும்மினார்.
நிதியின் மாதச் செய்தித்தாள். நாலு பக்கம்,
அங்கத்தினர்க்கு இலவசம்.
வட்டி விகிதம், ஏல நோட்டீஸ்,
தறிக்கடன் அடைத்தவர் பட்டியல்,
ஆற்றில் வெள்ளம், ஆகவே புதனன்று விடுமுறை.

ஐம்பத்தேழு, மே மாத இதழ்.
அணா ஏட்டைவிட்டு இறங்கி
நயா பைசா ஏறி உட்கார்ந்த சமயம்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு கடிதம்:
‘எனக்கு இருந்தது பதினாலு ரூபாய் ஆறணா.
ஆறணா என்றால் முப்பத்தேழரை.
பாஸ்புத்தகத்தில் முப்பத்தேழு.
அரை எங்கே?
ஹபீபுன்னிசா, தரணம்பேட்டை, கணக்கு எண் 212.’
கையெழுத்து உருதுவில் போட்டிருந்தாராம்.
அச்சுக்கோத்த இருசப்பனிடம் அந்த எழுத்து இல்லை.
கடிதத்தின் அடியில்
ஒரு விரலகலம் வெள்ளையாகவே விட்டிருந்தான்.

ஜூனில் காரியதரிசி பொன்னுரங்க முதலியார் பதில்:
சர்க்கார் அட்டவணைப்படி சரியே.
ஜூலையில் அந்தம்மாள்:
‘சர்க்கார் பீடி சுற்றவில்லை. நான் சுற்றினேன்.
அரைக்காசு என்பது மூணு பீடி.
இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி
மூணு.
அதை எந்த அட்டவணை தின்றது?’
அடியில் மறுபடி அந்த வெள்ளை.

ஆகஸ்டில் டைரக்டர்கள் கூடினார்கள். கூச்சல்
இதழிலேயே கேட்கிறது.
ஒருவர், அரைக்காசுக்குப் போன மானம்
ஆயிரம் கொடுத்தாலும் வராது என்றிருக்கிறார்.
இன்னொருவர், மானத்துக்கு வவுச்சர் உண்டா என்று.
கடைசியில் தீர்மானம்:
இரண்டணா, ஆறணா, பத்தணா, பதினாலணா என
அரை இழந்தவர் அறுநூற்று நாற்பது பேர்.
மொத்தம் மூணு ரூபாய் இருபது.
தனிக்கணக்கில் வைக்கவும். வட்டி உண்டு.
(மூணணா வைத்திருந்தவர்களுக்குப்
பதினெட்டேமுக்கால் பத்தொன்பதாகிக்
கால் காசு லாபம்.
அவர்கள் யாரும் கடிதம் எழுதவில்லை.)

அதன்பின் ஒவ்வோர் ஏப்ரலிலும்
நாலாம் பக்கத்து மூலையில் ஒரு வரி,
அரைக்காசுக் கணக்கு, இவ்வளவு.
காரியதரிசிகள் மாறினார்கள். அச்சகம் மாறியது.
அறுபத்து மூன்றில் 212 முடிந்தது:
முழுத்தொகையும் பெற்றுக்கொண்டு
பேர்ணாம்பட்டுக்குக் குடிபோனதாகக் குறிப்பு.
முழு என்ற சொல்லின் மேல்
யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
எண்பத்தெட்டில் காகிதம் விலையேறி இதழ் நின்றது.
வட்டி நிற்கவில்லை.

சட்டம் எனக்குத் தெரியும். சிறு தொகை,
உரியவர் இல்லை,
‘தள்ளுபடி’ என்று நாலெழுத்துக்கு மேல் ஓரெழுத்து,
கீழே என் இனிஷியல்.
ஆனாலும் வகுத்துப் பார்த்தேன்.
எழுபத்திரண்டு பத்தை அறுநூற்று நாற்பதால்.
தலைக்குப் பதினோரு காசு. அதற்குமேல்
கால்குலேட்டர் நிற்காமல் எண்களைத் துப்பியது.
காலுக்குச் சற்றே கூட.
மறுபடியும்.

கட்டத்தைக் காலியாக விட்டேன்,
ஒரு விரலகலம்.

வேதபுரி டீ வாங்கிவந்தார்.
ஐம்பது காசு பாக்கிக்குச் சில்லறை இல்லையென்று
கடைக்காரர் கொடுத்த புளிப்பு மிட்டாயை
ஏட்டின் மேல் வைத்தார்.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.