வெண்கட்டி

கெர்பர் தெருவுக்குள் ஆறு வந்து போன மறுநாள்
எல்லோரிடமும் மண்வெட்டி இருந்தது.
வெண்கட்டி என்னிடம் மட்டும்தான்,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பையில்,
அலுமாரியின் மேல்தட்டில், ஈரம் படாமல்.

ஒரேயொரு பம்பு. இருபத்துமூன்று நிலவறை.
அன்ஸ்காரின் கராஜ் கதவில்
எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடென்று
நான்தான் எழுதினேன்.
முதலாவது நான்காம் இலக்கம்: கைக்குழந்தை.
அடுத்தது பத்தொன்பது: எண்ணெய்த் தாங்கி சரிந்து
தெருவே மணத்தது.
மூன்றாவது பதினான்கு, அகதிகள் விடுதி.
தெரு முழுவதற்குமான மின்பெட்டி
அதன் நிலவறையில்தான் கிடந்தது, முழங்கால் சேற்றில்.

ஐஃபல் மலையில் அப்படியொரு மண் இருப்பது
அதுவரை எனக்குத் தெரியாது.
காயக் காயக் கல்லாகும். பல்லிடுக்கில் இனிக்கும்.
அன்ஸ்கார் குழாயைப் பிடிக்க
யோஹானஸ் விசையை இழுப்பான்.
இரவெல்லாம் ஒரே கோப்பையில் கோப்பி.
ஹில்ட்ரூட் தன் கல்யாணக் கம்பளத்தைத்
தானே வெட்டி வாசலில் போட்டாள்,
வழுக்காமல் நடக்கட்டும் என்று.
நடந்தோம்.
பதினொரு நாள் அந்தத் தெரு
ஒருவரை ஒருவர் 'நீ' என்றது.
மருத்துவரையும் 'நீ'.
வங்கி மேலாளரையும் 'நீ, அந்த வாளியை எடு'.

காப்புறுதிக்காரர் வந்தார்.
பிறகு படிவங்கள். பிறகு உதவித்தொகை,
ஒருவருக்கு மார்ச்சில், ஒருவருக்கு இன்னும் இல்லை.
முதல் 'நீங்கள்' எந்த வாயிலிருந்து வந்ததென்று
நினைவில்லை. பேக்கரியில் என்று நினைக்கிறேன்.
மிச்சக் காசை எண்ணி வைக்கும்போது.

வசந்தத்தில் விளக்குக் கம்பங்களில் தேர்தல் முகங்கள்.
கவனமாகத்தான் கட்டியிருந்தார்கள்,
வெள்ளம் ஏறிய கோட்டுக்கு ஒரு முழம் மேலே.
அதில் ஒரு முகம் அன்ஸ்காருடையது.
சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி.
அஞ்சல் பெட்டியில் கிடந்த துண்டுப்பிரசுரத்தில்
என் கையெழுத்து:
கராஜ் கதவின் படம்,
மூன்றாவது வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
*யாருக்கு முதலில்?* என்று கீழே.
மின்பெட்டி படத்தில் இல்லை.

கூட்டம் பள்ளி விளையாட்டு மண்டபத்தில்.
அங்கேதான் அன்று
வந்து குவிந்த உடுப்புகளை அளவுவாரியாகப் பிரித்தோம்.
"இந்த வரிசையை எழுதியது யார்?"
பின்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார்.
அன்ஸ்கார் ஒலிவாங்கியைத் தொட்டான்.
என்னைப் பார்த்தான்.
"யாரோ. அவசரத்தில்."

எழுந்திருக்கலாம்.
மின்பெட்டி என்று ஒரு சொல் போதும்.
அதை ஜெர்மனில் பிழையில்லாமல் சொல்ல எனக்கு வரும்.

ஆனால் பட்டியலில் ஐந்தாவது என் வீடு.
அங்கே கைக்குழந்தை இல்லை, எண்ணெய் இல்லை.
நிலவறையில் இருந்தவை
இரண்டு அரிசி மூட்டையும்
அம்மாவின் படங்கள் இருந்த சூட்கேசும்.
ஒன்பதாவதாகவோ பதினைந்தாவதாகவோ
வந்திருக்க வேண்டிய வீடு.
வெண்கட்டி என் கையில் இருந்தது,
ஐந்து என்று எழுதினேன்.
அதைச் சுற்றி யாரும் வட்டம் போடவில்லை.

கலையும்போது ஹில்ட்ரூட் என் முழங்கையைப் பிடித்தாள்.
"உங்களைச் சொல்லவில்லை.
நீங்கள் வேறு" என்றாள்.
அன்பாகத்தான் சொன்னாள்.
நானும் நன்றி என்றேன்,
வாய் பழகிய சொல்.

வெளியே தூறல்.
சைக்கிள் நிறுத்துமிடத்தில் யோஹானஸ்,
வேலை முடிந்து வந்தவன், உள்ளே வரவில்லை.
அவன் பேசும் ஜெர்மன்
அந்தப் பதினொரு நாளில் சேற்றுக்குள் படித்தது.
இன்னும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறான்,
நகரசபையில் திட்டு வாங்கியும்.

"நீ இருந்தாயே, என்ன பேசினார்கள்?"

தண்ணீரைப் பற்றி என்றேன்.